சோபாவில் படுத்தபடி எட்டாயிரம் அடி

சர்க்கரை கூடிவிட்டது, தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்ன அன்றே என் மனைவி ஒரு கைக்கடிகாரம் வாங்கி என் இடது கையில் கட்டிவிட்டாள். நேரம் காட்டுவது அதற்கு உபதொழில்தான். நான் எத்தனை அடி நடந்தேன் என்று எண்ணி அவளுடைய போனுக்குப் போட்டுக்கொடுப்பதே முழுநேர வேலை.

முதல் வாரம் ஒழுங்காக நடந்தேன். இரண்டாவது வாரம், சோபாவில் படுத்துக் கொசு விரட்டிக்கொண்டிருந்தபோது கடிகாரம் மெல்ல அதிர்ந்தது. ஐந்நூறு அடி நடந்துவிட்டேனாம், வாழ்த்துகளாம். கடிகாரத்துக்குக் கால் தெரியாது, கைதான் தெரியும் என்ற ரகசியம் எனக்கு அன்று பிடிபட்டது.

அதன்பின் என் நடைப்பயிற்சி முழுக்க ஹாலிலேயே நடந்தது. மனைவி மாலை ஐந்தரைக்கு நாலு தெரு தள்ளிப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு டியூஷன் எடுக்கப் போவாள். வர ஏழரை ஆகும். நான் புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டி செய்யும் பட்டறையைப் பூட்டிக்கொண்டு ஆறு மணிக்கு வீடு சேர்வேன். சட்டையைக் கழற்றி, லுங்கிக்கு மாறி, சோபாவில் சாய்ந்து, இடது கையைத் தொங்கவிட்டு ஆட்டுவேன். வலது கை மிக்சர் கிண்ணத்துக்கும் வாய்க்கும் போய்வரும்; அந்தக் கைக்குக் கணக்கு கிடையாது. ஏழேகாலுக்கு எட்டாயிரம் அடி முடிந்திருக்கும். முகத்தில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாசலில் நின்று அவளை வரவேற்பேன். இரண்டு மாதம் இப்படி நிம்மதியாகப் போனது.

ஹாலில் ஒரு கேமரா உண்டு. பிரான்சில் இருக்கும் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன், போன தடவை வந்தபோது ஷோகேஸ் மேல் வைத்து, இன்டர்நெட்டில் இணைத்துவிட்டுப் போனார். திருடன் வந்தால் தெரிய வேண்டுமாம். அது வாசற்கதவையே முறைத்துக்கொண்டிருக்கும். சோபா அதன் முதுகுப் பக்கம். அதனால் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஒரு மாலை, வழக்கமாக அலறும் டிவியைப் போடாமல் நாலாயிரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தபோது, "கிர்" என்றொரு சத்தம். கேமரா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். கை மட்டும் பழக்கதோஷத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டுக் கேமராவுக்குள் புகுந்து படமெடுத்து மிரட்டுகிறார்கள் என்று வாட்சப்பில் வருவதையெல்லாம் அதுவரை நான்தான் சிரித்துக்கொண்டே நாலு பேருக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். இப்போது முதுகு வேர்த்தது. எந்த நாட்டிலோ எவனோ ஒருவன், என் தொப்பையையும் ஆடும் கையையும் பதிவு செய்து வைத்திருக்கிறான். நாளைக்கே மனைவிக்கு அனுப்பப்போகிறான். பாட்டுப் போடும் ஸ்பீக்கர் மேலும் சந்தேகம் வந்தது. டிவி மேலும் வந்தது. வாஷிங் மெஷின் பேரிலும் எனக்கு முன்புபோல் நம்பிக்கை இல்லை. கேமரா மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டு, போதாது என்று மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்தேன்.

"கரண்டு போயிடுச்சா?" என்றபடி மனைவி உள்ளே வந்தாள்.

"ஆமா."

"எதிர் வீட்ல எரியுதே?"

"அவங்க வேற லைன்."

மறுநாள் காலை பெரிய மார்க்கெட் பக்கத்தில் போனும் கேமராவும் விற்கும் பாயைத் தேடிப் போனேன். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே பெஞ்சு.

"என்னடா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"பாய், வீட்டு கேமரா தானா திரும்புது."

"திரும்புற கேமரா திரும்பத்தான் செய்யும். திரும்பலன்னா சொல்லு, பாக்கலாம்."

"எவனோ உள்ள பூந்துட்டான் பாய். நான் சட்டையில்லாம இருந்தத எடுத்துட்டான். வெளியில வித்துருவான்."

பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இத எவன்டா காசு குடுத்து வாங்குவான்?"

சொல்லிவிட்டு என் போனை வாங்கி நோண்டினார். அவர் முகம் மாறியது.

"இந்தக் கேமராவ இருபத்திமூணு போன்ல பாக்குறாங்கடா. ஒண்ணு உன்னுது. மிச்சமெல்லாம் பிரான்சுல இருக்கு."

"பிரான்சு கும்பலா பாய்?"

"பிரான்சுல உனக்கு யாரு இருக்கா?"

"மச்சான் இருக்காரு."

"ஒரு மச்சானுக்கு இருபத்திரண்டு போனா?"

இந்த இடத்தில் எந்த மனிதனுக்கும் விளங்கியிருக்கும். ஆனால் பயந்தவன் மூளை தனி ரகம். "மச்சான் போனுக்குள்ளயும் பூந்துட்டானுங்க பாய்!" என்று நெஞ்சில் கை வைத்தேன்.

பாய் எனக்கு ஒரு டீ சொன்னார். "கேமரா உன் மச்சான் கணக்குல இருக்கு. நான் கை வைக்க முடியாது. அவர்ட்ட பேசு, போ."

மாலை வீட்டுக்கு வந்ததும், மச்சானிடம் பேசுவதற்கு முன் அந்தச் சனியனைக் கழற்றி எடுத்துவிடலாம் என்று துண்டை உருவினேன். கேமரா திரும்பியது.

"போன்ழூர் மாப்ளே!" என்று பிரெஞ்சில் வணக்கம் வைத்தது.

அதற்குப் பேசவும் வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"ரெண்டு மாசமா டிவி சத்தத்துல நாங்க கேமராவத் திருப்பிப் பாத்தது உங்களுக்குக் கேக்கவே இல்ல. நேத்து துண்டு போட்டு மூடிட்டீங்க, இங்க யாருக்கும் சோறு எறங்கல."

மச்சானின் குரல். பின்னால் தட்டும் கரண்டியும் உரசும் சத்தம், நாலைந்து பேர் சிரிப்பு. நமக்கு மாலை ஆறு என்றால் அவர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம்.

"அண்ணே, ஒரே கைய ஆட்டாதீங்க, தோள்பட்ட போயிடும்" என்றது மச்சான் மனைவியின் குரல்.

"மச்சான், எத்தினி பேரு பாக்குறீங்க?"

"இன்னிக்கு அஞ்சு பேருதான். ஞாயித்துக்கெழமன்னா தம்பி வீடு, அக்கா வீடு எல்லாம் சேந்துக்கும்."

"குடும்பத்துக்கே பாஸ்வேர்டு குடுத்தீங்களா?"

"எல்லாருக்கும் சாவி குடுத்திருக்கோம்ல? அந்த மாதிரிதான்."

அவர் கேலிக்குச் சொல்லவில்லை. என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்து கட்டிய வீடு இது. பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பிரான்சுக்குப் போகப்போக, ஆளுக்கொரு வாசற்சாவி கொடுத்து அனுப்பினார்கள். பேரப்பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயதானால் அவர்களுக்கும் ஒன்று. புதுச்சேரிக்கு வராதவன் வீட்டுச் சமையலறையில்கூட எங்கள் சாவி ஆணியில் தொங்கும். பாஸ்வேர்டையும் மச்சான் அதே கணக்கில் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார். நான் நடுங்கிய திருட்டுக் கும்பல், வீட்டுச் சாவி வைத்திருக்கும் சொந்தக்காரர்கள்.

"மச்சான், உங்க தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"நாளைலேர்ந்து நெஜமா நடந்தா சொல்ல மாட்டோம்."

ஆகக்கூடி, மிரட்டலும் வந்தேவிட்டது. வெளியாள் மிரட்டினால் போலீசுக்குப் போகலாம். மச்சான் மிரட்டினால் எங்கே போவது? யோசித்துப் பார்த்தேன். அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் என் மனைவிக்கு விஷயம் தெரியாது என்பதுதான். நானே சொல்லிவிட்டால் தீர்ந்தது.

அவள் வந்ததும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கத்தவில்லை.

"எட்டாயிரமுமா?"

"ஒருநா ஒம்பது கூடப் போச்சு."

போனை எடுத்து நீட்டினாள். குடும்ப குரூப். இரண்டு மாதமாகத் தினமும் என் அடிக்கணக்கை அதில் பெருமையாகப் போட்டிருந்தாள். ஒவ்வொன்றின் கீழும் பிரான்சிலிருந்து வரிசையாகக் கட்டைவிரல்கள்.

"எல்லாம் பாத்துக்கினே போட்டிருக்காங்க" என்றாள். "என்னக் கேனச்சி ஆக்கிட்டீங்கல்ல, நீங்களும் அவங்களுமா. இந்த நம்பரப் பாத்துட்டுத்தாங்க நான் தெனம் தைரியமா படுக்குறேன்."

சிரிக்க வைக்க எப்போதும் ஏதாவது ஒன்று கைவசம் வைத்திருப்பேன். அன்று அதை விட்டுவிட்டு, மிக்சர் டப்பாவை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

பிறகு அவள் அண்ணனுக்குப் போன் போட்டுப் பிரெஞ்சில் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பிரெஞ்சு அரைகுறைதான். ஆனாலும் அன்று ஒரு சொல்கூட விளங்காமல் போகவில்லை. அந்தப் பக்கம் "வுய், வுய்" என்று ஆமாம் போடும் முனகல் மட்டும் கேட்டது. மறுநாளே பாய் வந்து கேமராவை வாசல் கேட்டுக்கு மேலே, தெருவைப் பார்த்து மாட்டினார். இருபத்துமூன்று போன்களும் துண்டிக்கப்பட்டன. புதுப் பாஸ்வேர்டு மச்சானுக்கும் அவளுக்கும் மட்டும்.

"எனக்கு?" என்று கேட்டேன்.

"நீங்கதான் உள்ளயே இருக்கீங்களே."

அன்று டியூஷனை ஏழு மணிக்கே முடித்துக்கொண்டு அவளும் என்னோடு கடற்கரைக்கு வந்தாள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கப் பார்த்தேன். ஒழுங்காக வீசி நடக்கச் சொன்னாள். இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவது இடத்தில் உட்கார விடவில்லை. வீடு திரும்பியபோது கடிகாரம் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு என்றது.

"இதயா போடப்போற?"

"இதத்தான்."

போட்டாள். இருவரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். வழக்கமாகப் பாய்ந்து வரும் கட்டைவிரல்கள் ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மச்சான் மட்டும் ஒரு வரி எழுதினார்: 'இப்பதான் நம்புறேன்.' அவள் சிரித்துவிட்டாள். எனக்குப் போன உயிர் வந்தது. முழங்கால் இரண்டும் கெஞ்ச, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுச் சோபாவில் விழுந்தேன். என் தொப்பையைப் பார்க்க ஹாலில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.