மிக்ஸி பாய்க்கு நான் எழுதிய ஏழு பக்கம்

ஒரு மிக்ஸி ரிப்பேர் கடைக்கு நாலு வரி அறிமுகம் எழுதச் சொன்னால் கற்காலத்திலிருந்து ஆரம்பிக்கிற ஆள் நான். நிஜமாகவே அப்படித்தான் ஆரம்பித்தேன். 'ஆதிமனிதன் முதன்முதலில் தானியத்தைக் கல்லில் தேய்த்தபோது' என்ற அந்த முதல் வரியை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

இரண்டாயிரங்களின் நடுவில் நாவலூரில் ஒரு சின்ன கம்பெனியில் இணையப் பக்கங்கள் எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு. பக்கம் நீளமாக இருந்தால்தான் தேடுபொறி மதிக்கும், நாலு வரிப் பக்கத்தை எங்கோ பின்னால் தள்ளிவிடும் என்பது எங்கள் மேனேஜரின் நம்பிக்கை. அதை நான் மாலை போட்டுக்கொண்டவனைப் போல விரதமாகவே கடைப்பிடித்தேன். என் லீவ் லெட்டர்கூட இரண்டு பக்கத்துக்குக் குறையாது.

அந்தச் சமயத்தில்தான் பாய் வந்து கேட்டார். குரோம்பேட்டை மெயின் ரோட்டில் பல வருஷமாக மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்த்தவர். மிக்ஸியை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். சாலையை அகலப்படுத்தியதில் கடை போய், அஸ்தினாபுரத்தில் ஒரு சந்துக்குள் ஷட்டர் போட்ட ஒரு சின்னக் கடை வாடகைக்குப் பிடித்திருந்தார். பழைய ஆட்கள் பழைய இடத்துக்கு வந்து, செங்கல் குவியலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இன்னும் ரெண்டு மாசம் இப்படியே போனா, ஷட்டர இறக்கிட்டு மச்சான் கடையில வேலைக்கு நிக்கணும் சார். நான் இங்கதான் கீறேன்னு நெட்ல சொல்லிடுங்க, போதும்."

சொன்னேன். அம்மி, ஆட்டுக்கல், மின்சாரம் வந்த கதை, மிக்ஸி போடும் சத்தங்களின் வகைகள் என்று ஒன்றையும் விடவில்லை. சில வாரம் கழித்து தாம்பரம் பிரவுசிங் சென்டரில் தேடினோம். முதல் இடத்தில் எங்கள் பக்கம். "எப்படி சார்?" என்றார் பாய். "நீளம் பாய், நீளம்! தேடுற மெஷின் ஒரு வரி விடாம படிக்கும்" என்றேன். எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

அதற்கப்புறமும் கடைக்கு ஒருவரும் வரவில்லை. ஒரு மத்தியானம் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது, சேலையூரிலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர் அக்கா, ஒயர் கூடையில் மிக்ஸியும் கையில் பிரிண்ட் அவுட்டுமாக வியர்த்து வந்து நின்றார்.

"யாரு பாய் இத எழுதினது? உங்க இடிஞ்ச கடை வாசல்ல நின்னு, வெயில்ல ஏழு பக்கமும் படிச்சேன். அட்ரஸ் கடைசிப் பக்கத்துல, கடைசி வரியில கீது! இங்க படிச்சிக்கினு நின்னா வூட்ல சட்னிய யாரு அரைப்பா?"

நான் மின்விசிறியைப் பார்த்தேன். பாய் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரோ கம்பெனிக்காரங்கக்கா" என்று சொல்லி மிக்ஸியை வாங்கிக்கொண்டார். காட்டிக் கொடுக்காத மனுஷன்.

அன்று சாயங்காலமே முகவரியையும் போன் நம்பரையும் பக்கத்தின் உச்சியில், பெரிய எழுத்தில் போட்டேன். கற்காலத்தைக் கீழே தள்ளினேனே தவிர, வெட்ட மனசு வரவில்லை. ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். இரண்டு மாசம் கழித்துப் போனபோது, பாய் மச்சான் கடைக்குப் போகவில்லை. ஷெல்ஃப் முழுக்கச் சீட்டுக் கட்டிய மிக்ஸிகள். எனக்கு உட்கார ஸ்டூல் இல்லை, அதன்மேலும் ஒரு கிரைண்டர். சந்தோஷமாக நின்றேன்.

நின்றவன் சும்மா இருந்திருக்கலாம். "பாய், வர்றவங்க நம்ம கட்டுரையப் பத்தி என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

பாய் ஸ்க்ரூடிரைவரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "அத மெஷின்தான் படிச்சுது சார். அந்த அக்காவுக்கப்புறம் மனுசன் எவனும் படிக்கல."