கருவாட்டுக் கொப்பியில் ஒரு பள்ளம்

யூலிற்றா என் அண்ணன் மெல்ரொனின் மனைவி. முல்லைத்தீவுக் கடற்கரையில் ஓலைக் கொட்டிலாய் ஒரு வாடி போட்டு, கட்டாக் கருவாடு வாங்கிச் சேர்த்து, நெளுக்குளத்து மொத்த வியாபாரி முத்துலிங்கத்துக்கு ஏற்றுகிறாள். எப்போது வாங்குவது, எப்போது விற்பது எல்லாம் அவளுடைய மனக்கணக்கு. அந்த மனக்கணக்குத்தான் இரண்டு வருஷம் அவளைக் கவிழ்த்தது.

இரண்டு வருஷமும் ஒரே கூத்து. மடு மாதா பெருநாளுக்குச் சனம் திரளும், கருவாடு பறக்கும் என்று யூலையிலேயே வாடியை நிரப்பினாள். ஓகஸ்டில் விலை விழுந்தது. பயந்துபோய் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டாள். செப்டெம்பரில் விலை ஏறியது. அண்ணன் பொறுமைசாலி, ஆனாலும் சொல்லிவிட்டான்.

“இன்னொருக்கா இப்பிடி விழுந்தால் வாடியைக் குடுத்திட்டு வவுனியாவில கூலிக்குப் போவம்.”

“அப்ப என்னையும் சேத்துக் குடுங்கோ,” என்றாள் அவள்.

அவளுடைய கோபம் வாயோடு நிற்காது. அடுத்த நாளே பிள்ளைகள் கணக்குச் செய்யும் சதுரக் கொப்பி ஒன்றோடு வந்தாள். குறுக்கே நாள், மேலே கிலோ விலை. பழைய பில்களைத் தேடியெடுத்து, இரண்டு வருஷ விலையைப் புள்ளி வைத்துக் கோடு இழுத்தாள். எதிர்ப்பக்கத்தில் வாங்கிய நாள், விற்ற நாள், ஏன் என்ற காரணம்.

“பங்குச்சந்தையோ நடத்திறாய்?” என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

காரணங்களை எழுதி முடித்தபோது அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. நட்டப்பட வாங்கியதற்கெல்லாம் ஒரே காரணம்: “பெருநாள் வருது, மாதா பாத்துக்கொள்ளுவா.” விற்றதற்கெல்லாம்: “பயம்.”

கோட்டில் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் இரண்டாம் வருஷம் அது பத்துப் பன்னிரண்டு நாள் முந்தி விழுந்திருந்தது. மாதா பெருநாள் ஒரே திகதி, பள்ளம் மட்டும் ஏன் நகர்கிறது? இரண்டு நாள் கொப்பியையும் பில்களையும் மாறி மாறிப் புரட்டினாள்.

முத்துலிங்கம் வருஷாவருஷம் தரும் முருகன் படக் கலண்டர்கள் அலுமாரிக்குக் கீழே சுருண்டு கிடக்கும். எங்கள் கத்தோலிக்க வீட்டுச் சுவரில் மாதா கோவில் பங்குக் கலண்டருக்குத்தான் இடம். மிச்சப் பில் தேடும்போது அவை கையில் அகப்பட்டன. விரித்தாள். இரண்டிலும் பள்ளம் தொடங்கிய அதே கிழமையில் “நல்லூர்க் கொடியேற்றம்” என்றிருந்தது.

முத்துலிங்கத்தின் சரக்கில் பாதி யாழ்ப்பாணம் போகிறது. அங்கே நல்லூர்க் கந்தனுக்குக் கொடி ஏறினால் திருவிழா முடியும்வரை இருபத்தைந்து நாள் எத்தனையோ சைவ வீடுகளில் மீனோ கருவாடோ, மச்சமே இல்லை. இது அவளுக்குத் தெரியாததில்லை. பக்கத்து வீட்டு அமராவதிக்கு மீன் கொண்டுபோய், கொடியேறிட்டுது என்ற பதிலோடு திரும்பி வருபவள்தானே.

“சாப்பிடுறது அவையள். நான் என்ர பெருநாளைப் பாத்து வாங்கியிருக்கிறன், மொக்கு மாதிரி!” என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாம் வருஷம் யூலையில் வாடி பாதி வெறுமை. கொடி ஏறி, விலை நன்றாக இறங்கிய பிறகே வாங்கிக் குவித்தாள். அண்ணன் மூட்டைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தான். ஒருநாள் முத்துலிங்கம் போன் எடுத்தார்.

“அக்கா, இன்னும் இறங்கும். இப்ப தந்தால் எடுக்கிறன்.”

வாடி போகுமா நிற்குமா என்பது அந்த ஒரு பதிலில் இருந்தது. கொப்பியைத் திறந்து, “பயம்” என்று எழுதிய இடத்தில் விரலை வைத்தாள்.

“இல்லைத் தம்பி. பூங்காவனத்தோட திருவிழா முடியட்டும்.”

“வேதக்கார அக்காவுக்குப் பூங்காவனம் எப்பிடித் தெரியும்?”

“நீங்கள் தந்த கலண்டர்தான்.”

திருவிழா முடிந்து ஐந்தாம் நாள் அவரே லொறி அனுப்பினார், அவள் கேட்ட விலைக்கு. அண்ணன் மூட்டை ஏற்றினான். வாடியை விற்கிற கதை அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எழவில்லை.

லொறி போனதும் அவள் கொப்பியோடு கதிரையில் இருந்தாள். காரணம் எழுதும் இடத்தில் கை பழக்கத்தில் “மாதா பாத்துக்கொண்டா” என்று எழுதிவிட்டது. வெட்டவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுப் பக்கத்தில் எழுதினாள்: “நானும் பாத்தனான்.”