ஒஸ்ரினும் லான்சரும்

என் மனுசன் தம்பிராசாவின் ஒஸ்ரின் காரை எங்கள் ஊரான சல்லியில் உசுப்பினால் திருகோணமலைப் பட்டினத்தில் நாய் குரைக்கும். இருபது வருஷம் வாடகைக்கு ஓடிய கார். மணலோ வெள்ளமோ, எதற்குள் விட்டாலும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். வேகத்தை மட்டும் கேட்கக்கூடாது.

எண்பத்தாறில் என் தங்கை புஷ்பவதியின் புருஷன் ஆனந்தராசா வெள்ளை லான்சர் கார் ஒன்று கொண்டுவந்தான். ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது, அவ்வளவு அமைதி. அன்று தொடங்கி இரண்டு ஆம்பிளைகளுக்கும் வேறு கதை கிடையாது.

"அண்ணை, உங்கட ஒஸ்ரின் றோட்டுக்கு ஏற முதல் நான் ரவுணில தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திடுவன்."

"குடி, குடி. சென்றியில உன்னை மறிச்சு வைச்சிருக்கேக்க நான் கையைக் காட்டிக்கொண்டு போவன்."

அதுவும் உண்மைதான். பாலத்தடியில் இராணுவம் காவல் நிற்கிற சென்றியில் எந்த வாகனமும் தூரத்திலேயே நிற்க வேண்டும், ஆட்கள் இறங்கி நடக்க வேண்டும். நோயாளிகளை ஏற்றி ஏற்றி ஓடியதில் இவருக்கு மட்டும் அது இல்லை. ஒஸ்ரினின் இரைச்சல் கேட்டவுடனே காவல் பெடியன்கள் குறுக்குத் தடியைத் தூக்கிவிடுவார்கள். மனுசனுக்கு அதில் பெரிய எடுப்பு. எனக்கோ அது பிடிக்காது. துவக்கு வைத்திருப்பவனின் பழக்கத்தை நம்பலாமா? சொன்னால் கேட்கிற ஆளா இவர்!

ஐப்பசியில் ஒருநாள் துறைமுகப் பக்கம் ஏதோ வெடித்தது. சென்றிப் பெடியன்கள் விறைத்துப்போய் நின்றார்கள். மறுநாள் பின்னேரம் புஷ்பவதிக்கு வலி கண்டது. தலைப்பிள்ளை. மருத்துவிச்சி வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "பிள்ளை குறுக்க கிடக்கு. இஞ்ச ஏலாது, உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ. இல்லாட்டி ரெண்டு உயிரும் போயிடும்" என்றாள். ஆறு மணிக்கு ஊரடங்கு.

குலுங்காமல் கொண்டுபோக லான்சர்தான் சரி. ஆனால் சென்றியில் மறித்துவிடுவார்களே! தம்பிராசா வழி சொன்னார்.

"நான் முன்னால போறன். என்ர சத்தத்துக்குத் தடி எழும்பும். நீ பின்னால ஒட்டிக்கொண்டு வா, நிண்டிடாத."

எங்கள் ஒருவருக்கும் அதில் பிழை தெரியவில்லை. லான்சரின் பின் சீற்றில் தங்கையை மடியில் கிடத்திக்கொண்டு நான் இருந்தேன்.

பாலத்தடியில் தடி எழும்பியது. ஒஸ்ரின் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. ஒரு கார்தான் என்று நினைத்துக் காவல்காரன் தடியை இறக்கப் போனான். புழுதிக்குள்ளிருந்து சத்தமே இல்லாமல் நாங்கள் அவன் முன்னால் வந்தோம். அவன் முகத்தைக் கண்டேன். மீசை முளைக்காத முகம், பயந்து வெளிறிப்போயிருந்தது. உடனே சுட்டான்.

கண்ணாடி கொட்டியது. ஆனந்தராசா ஸ்ரியறிங்கில் சாய்ந்தான். கார் மண்மூட்டையில் இடித்து நின்றது. தம்பிராசா கையிரண்டையும் தூக்கிக்கொண்டு, தெரிந்த சிங்களத்தில் கத்தியபடி ஓடிவந்தார். அவரை அடையாளம் கண்டு பெடியன்கள் துவக்கை இறக்கினார்கள். மயங்கிக் கிடந்த புஷ்பவதியை அள்ளித் தன் காரில் போட்டார். திரும்பிவந்து ஆனந்தராசாவின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். "ஐயோ, என்ர தம்பி" என்றார். பிறகு என்னையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் காரை எடுத்தார்.

வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். ஆண்பிள்ளை. தாயும் பிள்ளையும் தப்பிவிட்டார்கள். காலையில் கண் விழித்த புஷ்பவதி கதவடியில் நின்ற தம்பிராசாவைக் கண்டாள்.

"அத்தான், இவர் எங்க? வந்து பிள்ளையைப் பாக்கச் சொல்லுங்கோ."

"ஓம் பிள்ளை, சொல்லுறன்" என்றார். சொன்னவர் வெளியே போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. நான்தான் கட்டிலில் அமர்ந்து அவள் கையைப் பிடித்தேன்.