எந்த மந்திரி

என் மேசை விளக்குக்கு அடியில் ஒரு கறுப்பு மந்திரி சாய்ந்து நிற்கிறார். கொய்யா மரம், கட்டைவிரல் நீளம், சதுரங்கப் பலகையின் துளையில் செருகுவதற்கு அடியில் ஒரு முளை. எந்தச் செட்டிலும் சேராதவர். வேகத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் குட்டிக் கடைசல் மிஷின் ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் இவரைவிட நேர்த்தியாக எத்தனையோ கடைந்து யார் யாருக்கோ கொடுத்துவிட்டேன். இவரை மட்டும் கொடுப்பதில்லை. இவர் நான் செய்த ஒரு தப்பு.

2009-இல் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்தவர்களுக்குக் கிரிக்கெட், சினிமா. எனக்குக் கடைசல். நெட் சென்டரில் உட்கார்ந்து, உள்ளங்கையில் அடங்கும் மிஷின்களில் யார் யாரோ மரம் கடையும் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடித்தது. ஹாஸ்டல் அறையில் மோட்டார் ஓட்ட விடமாட்டார்கள். விட்டாலும் தினமும் கரண்ட் போகும். அதனால் கையால் சுற்றித் துளை போடும் பழைய டிரில் ஒன்றை வாங்கி, ஒரு முழப் பலகையில் படுக்க வைத்து முடுக்கினேன். எதிர்முனையில் மரத்தைத் தாங்க ஒரு கூரான போல்ட். ஒருவர் கைப்பிடியைச் சுற்ற வேண்டும், மற்றவர் உளி பிடிக்க வேண்டும். மொத்தமும் என் தோள்பையில் அடங்கிவிடும். சுண்டுவிரல் நுனி அளவுக்குக் குங்குமச்சிமிழ் கடைந்தபோது உலகத்தையே ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லை. அவருடைய சதுரங்கப் பலகையில் கட்டத்துக்கு ஒரு துளை, காய்க்கு ஒரு முளை. கறுப்புக் காய்களின் தலையில் மட்டும் சின்ன ஆணி. யோசிக்கும்போது அவர் பத்து விரல்களும் காய்களின் தலைமேல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒன்று ஆடினால்கூட விழுந்துவிடும். விழுந்தால் மொத்தப் பலகையும் குழம்பிப்போகும். ஆட வாடா என்று கூப்பிடுவார். மூன்று நகர்த்தலில் நான் எழுந்துவிடுவேன். "ஒனக்குக் கால்ல மோட்டார் இருக்குதுடா மாப்ள, அதக் கழட்டி அந்த மிஷின்ல மாட்டு" என்பார்.

அந்த வருஷம் பார்வையற்றோருக்கான மாநில அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி சென்னையில். இரண்டு முறை அரைப் புள்ளியில் தவறவிட்டவர் மாமா. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. இனி அலுவலகத்தில் லீவு கேட்க முகமில்லை, இதுதான் கடைசி என்று வீட்டில் சொல்லியிருந்தார். அவரவர் பலகையை அவரவர்தான் கொண்டுபோக வேண்டும். புறப்படும் சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு என் செல்போன் அடித்தது.

"மாப்ள, மந்திரி கழுத்து ஒடஞ்சி போச்சுடா. கருப்பு. பசை போட்டு ஒட்டினா கைபட்டதும் கழண்டுக்குது. ரெண்டு பட்டறைல கேட்டுட்டேன், இத்தினூண்டு சாமானப் புடிக்கிற மிஷின் இல்லன்றாங்க. நாலு மணிக்கு பஸ்ஸு. ஒன்னால ஆவுமா?"

"ஆவும் மாமா."

"எப்பிடி ஒடஞ்சிதுன்னுதான் தெரியல" என்றார்.

எனக்குத் தெரியும். முந்தின ஞாயிறு அவர் வீட்டில் கட்டிலுக்கடியில் இருந்த அவருடைய சதுரங்கப் பைமேல் என் டூல் பெட்டியை வைத்திருந்தேன். தூக்கும்போது ஏதோ 'டிக்' என்றது. கேட்டும் கேட்காத மாதிரி வந்துவிட்டேன். இப்போதும் வாயைத் திறக்கவில்லை.

அறை நண்பன் சுற்ற, ஹாஸ்டல் சதுரங்க செட்டின் மந்திரியை எதிரில் வைத்துக்கொண்டு கடைந்தேன். பள்ளிக்கூடத்தில் நாங்கள் பிஷப்பைத்தான் மந்திரி என்போம். மார்க்கரால் கறுப்படித்து, முளை துளைக்குப் பொருந்தாவிட்டால் அங்கேயே சீவிக்கொள்ளலாம் என்று மிஷினையும் மிச்சக் கொய்யாக் கட்டையையும் பையில் போட்டு பஸ் ஏறினேன். கடலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி மூன்று பத்து. சிமெண்ட் பெஞ்சில் மடியில் பலகையோடு மாமா. காயைக் கையில் கொடுத்தேன். விரல்கள் ஒரு தடவை ஏறி இறங்கின. முகம் சுருங்கியது.

"இது பிஷப்புடா. அது பத்தரமா இருக்குது. நான் மந்திரி கேட்டேன்."

"இதான மாமா மந்திரி?"

"ராஜாவுக்குப் பக்கத்துல நிக்கறவன்டா மந்திரி! நீங்க அத இன்னான்றீங்க?"

"ராணி."

"சண்டையில ராணிக்கு இன்னாடா வேல?"

அவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுத்தவர்கள் பழைய ஆட்கள். அவர்களுக்கு அது மந்திரிதான். ஒரே ஒரு ஆட்டம் அவரோடு கடைசிவரை உட்கார்ந்து ஆடியிருந்தால் இது எனக்குத் தெரிந்திருக்கும்.

ஐம்பது நிமிஷம் இருந்தது. பெஞ்சு விளிம்பில் மிஷினைக் கிளாம்ப் போட்டு இறுக்கினேன். மாமா கைப்பிடியைப் பிடித்தார். அவர் சுற்ற, நான் உளி வைத்தேன். சட்டென்று நிறுத்துவார், கட்டைவிரலால் தடவுவார், "கழுத்து இன்னும் ஒல்லி" என்பார், மறுபடி சுற்றுவார். ஒரு சமயம் மரம் சுழலும்போதே இடது விரலை நீட்டிவிட்டார். உளிக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு நூல்தான். கத்திவிட்டேன். "பயந்தா கோணலாப் பூடும், வெட்டு" என்றார். சுற்றிலும் கூட்டம். "பம்பரமா தம்பி?" என்று ஒருவர். சென்னை பஸ் வந்து நின்றபோது முளையும் கழுத்தும்தான் முடிந்திருந்தன. கிரீடத்தை ஒப்பேற்றினேன். பலகையில் செருகி ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"கலர் அடிக்கல மாமா."

"கலர் எனக்கு எதுக்கு? ஆணிய அடி."

உடைந்த பழைய மந்திரியின் தலையிலிருந்து ஆணியைக் குறட்டால் பிடுங்கினேன். கொய்யா பிளந்தால் எல்லாம் போயிற்று. இன்னொன்று கடைய நேரமும் இல்லை, கட்டையும் இல்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். மாமா இரண்டு விரலால் காயை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். "வெரல்ல பட்டாலும் பரவால்ல, அத ஒடச்சிப்புடாத." மூன்று தட்டு. மூன்றாவது அவர் நகத்தில் விழுந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். மரம் பிளக்கவில்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிட்டார். "மாப்ள, அந்த டூல் பொட்டிய இனிமே என் பைமேல வெக்காத. பை பூரா மிஷின் எண்ண நாத்தம்." பஸ் நகர்ந்துவிட்டது. காலையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. 'எப்பிடி ஒடஞ்சிதுன்னு தெரியல' என்றது, நானே சொல்வதற்கு அவர் விட்டுவைத்த இடம். அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கிறேன். வெயிலில் அங்கேயே வெகுநேரம் நின்றேன்.

மூன்றாம் நாள் சென்னையில் ஒரு பூத்திலிருந்து போன் வந்தது. "எடுத்துட்டாங்கடா! கடசி ஆட்டத்துல ஒன் மந்திரிய வெட்டுக்குடுத்துதான் ஜெயிச்சேன்."

"வெட்டுக் குடுத்தியா? உயிரக் குடுத்துச் செஞ்சேன் மாமா!"

"அதுக்குத்தான மாப்ள செஞ்சது."

நான் அப்போதுதான் சொன்னேன், உடைத்தது நான்தான் என்று. "தெரியும், வெச்சிடு, லைன்ல ஆள் நிக்கிறாங்க" என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போனிலேயே ஆடுகிறோம். மாமாவுடையது மாதிரியே துளை போட்ட என் பலகையில் ஒரு பிஷப் தொலைந்துபோனதால், அந்த இடத்தில் விளக்கடிக்காரரைத்தான் வைத்துக்கொள்கிறேன். மாமா மந்திரி என்றதும் "எந்த மந்திரி?" என்று கேட்பது பழகிவிட்டது. போன வாரம் முப்பத்தோராவது நகர்த்தலில் தோற்றேன். மந்திரியை எடுத்து விளக்குக்கு அடியில் வைக்கப்போனவன், திரும்பப் பலகையிலேயே வைத்தேன்.

"இன்னொரு ஆட்டம் மாமா."

அந்தப் பக்கம் காய்கள் ஒவ்வொன்றாகத் துளையில் இறங்கும் சத்தம் கேட்டது.

"மோட்டாரக் கழட்டிட்டியா மாப்ள?"