கரும்புகை இல்லாமல் மலையேறிய வேன்

2002-ஆம் ஆண்டு, பங்குனி மாதம் என்று நினைவு. கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுப் பக்கம் எங்கள் ஊர். மிளகும் மரவள்ளியும் வைத்துப் பிழைக்கிற குடும்பம். என் வீட்டுக்காரிக்கு இளைப்பு நோய். மாதம் ஒருமுறை நாமக்கல்லுக்கு வந்து காட்டியே ஆக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

எங்களுக்குத் தோதான நேரத்தில் பஸ் கிடையாது. ஒரு பழைய டீசல் வேன்தான் கதி. அது மலையேறும்போது பின்னால் கரும்புகை கட்டி நிற்கும். கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பும்போதெல்லாம் அந்தப் புகை பின்கதவு வழியாக உள்ளே வந்து அடையும். ஆஸ்பத்திரியில் நன்றாக மூச்சு விட்டவள், ஊரில் இறங்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள்.

அன்று காலை கிளம்பும்போதே சொல்லிவிட்டாள். “இதுதானுங்க கடைசி. மருந்து வாங்கப் போயி நோவ வாங்கிட்டு வாரதுக்கு, நான் ஊட்லயே கெடக்கறேன்.”

அவள் பேச்சில் எப்போதும் இப்படி ஒரு கொக்கி இருக்கும். ஊரே ரசிக்கும், நானும் ரசிப்பேன். அன்று பயம்தான் வந்தது. ஒன்று சொன்னால் சொன்னதுதான், மாற மாட்டாள்.

ஆஸ்பத்திரி முடிந்து திரும்பும் வழியில் போக்குவரத்து அதிகாரிகள் வண்டிகளை நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் வேன்காரரிடம் புகைச் சான்று இல்லை. சாலையோரத்திலேயே ஒரு சோதனை நிலையம் இருந்தது. அங்கே சான்று வாங்கினால்தான் மேலே போகலாம் என்றுவிட்டார்கள்.

நிலையத்துக்காரர் புகைக்குழாய்க்குள் ஒரு குழாயைச் செருகி, ஆக்சிலேட்டரை நன்றாக மிதிக்கச் சொன்னார். மீட்டரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “டீசல் பம்ப்ப ரொம்பத் தெறந்து வெச்சிருக்கீங்க. கொறச்சுட்டு வாங்க.”

வேன்காரருக்கு வந்ததே கோபம்! மலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் பலரும் அப்போது பம்ப்பை அப்படித்தான் திறந்து வைப்பார்கள். டீசல் கூடுதலாகப் பாய்ந்தால் வண்டிக்குப் பலம் என்று ஒரு நம்பிக்கை. புகை தள்ளுகிற வண்டிதான் நல்ல வண்டி என்று நாங்களும் நினைத்திருந்தோம்.

“பொகை வந்தாத்தானுங்க வண்டி இழுக்கும். இதென்ன உங்க ஊரு ரோடா? கொல்லிமலைங்க!”

“பொகையாப் போறது சரியா எரியாத டீசலுங்க. அதைக் காத்துல ஊத்திட்டுப் போறீங்க” என்றார் நிலையத்துக்காரர்.

வேனுக்குள்ளிருந்து என் வீட்டுக்காரி தலையை நீட்டினாள். “காத்துலயா? என்னோட நெஞ்சுக்குள்ளயல்லோ ஊத்தறாரு!”

எல்லாரும் சிரித்தார்கள். வேன்காரர் சிரிக்கவில்லை. எப்போதும் முன்னால் உட்கார்ந்தே ஓட்டுகிறவர், பின்னால் நடப்பதை அவர் எங்கே கண்டார்?

“ஏனம்மணி, இதனாலயா உனக்கு இப்படி இளைக்குது?”

“பின்ன, உங்க வண்டி அழகப் பாத்தா இளைக்குது?”

வேன்காரர் வண்டியைத் திருப்பினார். பக்கத்துப் பட்டறையில் பம்ப்பைக் குறைத்து, அடைத்துக் கிடந்த ஏர் ஃபில்டரையும் மாற்றிக்கொண்டு வந்தார். இரண்டாவது சோதனையில் சான்று கிடைத்தது. ஆனாலும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. வண்டி ஏறாவிட்டால்?

சந்தையில் வாழைத்தார் விற்றுவிட்டு எங்களோடு திரும்பிய அக்கா ஒருவர், அடிவாரத்தில் இறங்கி ஒரு பெரிய கல்லைத் தூக்கி வந்து, மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் உட்கார்ந்தார். “வண்டி பொறகால உருண்டா சக்கரத்துக்கு முட்டுக் குடுக்கறேன். நீங்கெல்லாம் சாமியக் கும்பிடுங்க.”

பாதி மலையில், ஒரு வளைவில் வண்டி திணறி நின்றேவிட்டது. அக்கா கல்லோடு குதித்தார். “நாந்தான் சொன்னனே!” என்று ஸ்டியரிங்கில் அடித்த வேன்காரர், பம்ப்பைப் பழையபடி திறந்துவிட ஸ்பானரை எடுத்தார். என் வீட்டுக்காரி முந்தானையை மூக்கோடு சேர்த்துப் பிடித்தாள்.

சக்கரத்துக்கு முட்டு வைத்துவிட்டு நிமிர்ந்த அக்காதான் கேட்டார். “எப்பவும் ரெண்டாவது கியர்லயே பந்தயம் உடுவீங்களே, இன்னிக்கு ஒரு நாளைக்கு மொதக் கியரப் போட்டா உங்க மீசை கொறஞ்சு போயிருமா?”

வேன்காரர் மீசையைத் தடவிக்கொண்டு ஸ்பானரைக் கீழே வைத்தார். ஆண்கள் இறங்கிக்கொண்டோம். முதல் கியரில் வேன் மெல்ல உறுமி, நிதானமாக வளைவில் ஏறியது. பின்னாலேயே நடந்து போனேன். கண் எரியவில்லை.

வளைவு தாண்டியதும் நாங்கள் மறுபடி ஏறிக்கொண்டோம். மேலே போகப் போக அவள் முந்தானையை இறக்கினாள். “ஏனுங்க, காப்பி பூத்திருக்குதுங்களா? இத்தன வருசமா இந்த ரோட்டுல வாரேன், இப்பத்தான் வாசம் தெரியுது.”

அன்று ஊர் வந்து சேர வழக்கத்தைவிட நேரமாகிவிட்டது. ஆனால் அவள் யார் கையையும் பிடிக்காமல் இறங்கி, எனக்கு முன்னால் நடந்து வீட்டுக்குப் போனாள். மற்ற வேன்காரர்கள் கொஞ்ச நாள் கேலி பேசினார்கள். பிறகு, டீசலும் மிச்சமாகிறது என்று தெரிந்ததும், அவர்களும் ஒவ்வொருவராகப் பம்ப்பைக் குறைத்தார்கள்.

அவளுக்கு இளைப்பு முழுக்கத் தீர்ந்துவிடவில்லை. ஆனாலும், புகைச் சோதனையெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று யாராவது பேசினால், மறு மாதம் நான் கூப்பிடும் முன்பே அவள் புடவை மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி நின்ற அந்தக் காலைதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.