ஆறு பேருக்கு ஒரு மைக்

செங்கம் ரோட்டு இசை விழாவில் ஜாஸ் குழு வாசிக்கத் தொடங்கிய முதல் நான்கு நிமிடத்தில் என் மைக் செட் ஒன்பது முறை ஊளையிட்டது. ஸ்பீக்கர் சத்தம் திரும்ப மைக்குக்குள் நுழைந்தால் வரும் சத்தம் அது. முப்பத்தெட்டு வருட சவுண்டு சர்வீஸில் ஒரே நிகழ்ச்சியில் மூன்று ஊளைக்கு மேல் போனதில்லை. அன்றைக்கு என் வேலை போயிருக்க வேண்டும். அது போகாதது என் திறமையால் என்று நினைப்பவர்கள் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

1. மைக்கும் மரியாதையும்

கல்யாண வேலைகளை டி.ஜே. பையன்கள் கொண்டுபோய்விட்ட பிறகு, வருடத்துக்கு ஒருமுறை வரும் இந்த விழா ஒன்றுதான் எனக்கு மிச்சம். விழாக் கமிட்டித் தலைவர் கீழ்பென்னாத்தூரில் கடலை மண்டி வைத்திருப்பவர். இசையில் அவருக்குத் தெரிந்தது இரண்டே வகை. ஒன்று சத்தமாக இருப்பது, இன்னொன்று சரியில்லாதது.

"பெரியவரே, போன வருஷம் சத்தம் கம்மி. கிரிவலம் போறவனுக்குக்கூட கேக்கணும். இந்த வருஷமும் கம்மின்னா வேலூர் ஆளுக்குக் குடுத்துடுவேன், சொல்லிட்டேன்."

"ஆறு பேர்தான் வாசிக்கிறாங்க தலைவரே."

"அப்ப ஆறு மைக் போடுங்க. எனக்குத் தனியா ஒன்னு. தலைவருக்கு மைக் இல்லாம என்னாங்க விழா?"

வாசிக்க வந்தவர்கள் ஆசிரமம் பக்கம் வாடகை அறைகளில் தங்கியிருக்கும் வெளிநாட்டுக்காரர்கள். சராசரி வயது அறுபத்தாறு. கேட்டுக் கூட்டி வகுத்தேன். டிரம்பெட், டிராம்போன், பாஞ்சோ, டிரம்ஸ், ஆள் உயரத்துக்கு ஒரு பேஸ். கிளாரினெட் வாசிக்கும் ஹென்றிதான் குழுவை நடத்துகிறவர். பன்னிரண்டு வருடம் இங்கேயே இருந்து மளிகைக் கடையில் தமிழ் கற்றவர். நான்கு மணிக்கு மேடையைப் பார்க்க வந்தவர், மைக்குகளை விரல் விட்டு எண்ணினார். எண்ணுகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

"சார், ஒன்னு போதும். நடுவுல."

"ஆறு பேருக்கு ஒன்னா?"

"யாரு முறையோ அவங்க முன்னாடி வருவாங்க. மத்தவங்க பின்னாடி போவாங்க."

"இந்த ஊர்ல மைக்க விட்டு யாரும் பின்னாடி போக மாட்டாங்க சார்."

நான் பட்டவன். அடி அண்ணாமலையில் ஒரு கல்யாணத்தில், தனக்கு மைக் வைக்கவில்லை என்று இரண்டாவது தவில்காரர் முகூர்த்தத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பு தவிலோடு பஸ் ஏறிவிட்டார். ஆளுக்கொரு மைக் என்பது எங்கள் தொழிலில் சவுண்டுக் கணக்கு அல்ல, மரியாதைக் கணக்கு. ஆறும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஹென்றி சிரித்துவிட்டுப் போனார்.

2. பன்னிரண்டு கால்கள்

இந்தப் பழைய பாணி ஜாஸில் ஊதும் வாத்தியங்கள் மூன்றும் ஒரே நேரத்தில் மூன்று வழியில் போகும். ஆறு மைக்கும் தலைவர் கேட்ட சத்தத்தில் திறந்திருந்தன. டிரம்ஸ் சத்தம் தன் மைக் தவிர மற்ற ஐந்திலும் புகுந்தது. டிராம்போன்காரர் நீட்டி இழுக்கும் குழாய் இரண்டு தரம் மைக் ஸ்டாண்டை இடித்தது. நூற்று நாற்பது நாற்காலிகளில் முப்பத்தொன்று காலியாயின. முன்வரிசையில் தலைவர் மட்டும் பூரித்துப்போய் என்னைப் பார்த்துக் கையை மேலே தூக்கிக் காட்டினார். இன்னும் ஜாஸ்தி வேண்டுமாம்.

ஹென்றி நிறுத்தவில்லை. தன் மைக்கை விட்டுவிட்டு நடு மைக்குக்கு நடந்து வந்து வாசித்தார். மற்றவர்கள் இரண்டடி பின்னால் போய் அடக்கி வாசித்தார்கள். அவர் முடித்துவிட்டு நகர, டிரம்பெட் முன்னால் வந்தது. என் மிக்சரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் பதினாறு. நான் அவற்றை ஏற்றி இறக்கிச் செய்யும் வேலையை அவர்கள் பன்னிரண்டு கால்களால் செய்துகொண்டிருந்தார்கள். நான் குறுக்கே நின்று கெடுத்துக்கொண்டிருந்தேன்.

மற்ற ஐந்தையும் மூடினால் சத்தம் குறையும். குறைந்தால் வேலூர் ஆள். இரண்டு நிமிடம் யோசித்தேன். பிறகு தலைவர் போனில் பேசும் சமயம் பார்த்து ஒவ்வொன்றாக மூடினேன். ஊளை நின்றது. காலியான நாற்காலிகளில் இருபத்திரண்டு மறுபடி நிரம்பின.

3. ஒன்பது நிமிடப் பேச்சு

எங்கள் ஊர் விழாக்களில் பொன்னாடைக்கு நேரம் வந்துவிட்டால் வந்துவிட்டதுதான். பாட்டு முடிவது பாட்டின் பாடு. நான்காவது பாட்டு பாதியில் இருக்கும்போது தலைவர் எழுந்தார். மேடை ஓரத்தில் இருந்த தன் மைக்குக்குப் போனார்.

"இந்த இனிய மாலை வேளையிலே..."

ஹென்றி வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். என் விரல் தலைவரின் ஃபேடர் மேல் இருந்தது. அமைச்சர்கள் பேசியிருக்கிறார்கள், வட்டம் மாவட்டம் எல்லாம் பேசியிருக்கிறார்கள். பேசுகிறவர் மைக்கை நான் மூடியதே இல்லை. மூடினேன்.

அவர் நன்கொடையாளர் பட்டியலைப் படித்தார். பதினான்கு பெயர், அதில் ஒருவர்கூட விழாவுக்கு வரவில்லை. பின்னால் டிரம்ஸ் அதிர்ந்ததில் தன் குரல் ஸ்பீக்கரில் வருகிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. அதைக் கவனித்துப் பேசும் பழக்கமும் அவருக்கு இல்லை.

ஜாஸில் ஒருவர் தனியாக வாசித்து முடித்தால் பாட்டு ஓடும்போதே கை தட்டுவார்களாம். கிளாரினெட் முடிந்ததும் முன்வரிசை வெளிநாட்டுக்காரர்கள் தட்டினார்கள். தலைவர் நிறுத்தி, கும்பிட்டார். டிரம்பெட் முடிந்தது, மறுபடி கைதட்டல். தாளை மடித்துப் பையில் வைத்துவிட்டுச் சொந்தமாகப் பேச ஆரம்பித்துவிட்டார். மொத்தம் ஒன்பது நிமிடம், நான்கு கைதட்டல், நான்கு கும்பிடு. பிறகு ஆறு பொன்னாடை.

விழா முடிந்து மிக்சரிடம் நேராக வந்தார். நான் தலையைத் தூக்காமல் கேபிளைச் சுற்றினேன்.

"பெரியவரே, இன்னைக்குத்தான் சவுண்டு சவுண்டா இருந்துச்சு! நான் பேசப் பேச எப்படித் தட்டுனாங்க, பாத்தீங்கல்ல? வேலூர் ஆளு வேணாம். அடுத்த வருஷமும் நீங்கதான்."

அவர் போன பிறகு ஹென்றி வந்தார்.

"சார், அந்தக் கைதட்டு யாருக்கு?"

"நாலும் உங்க ஆளுங்களுக்குத்தான். வெளிய சொல்லிடாதீங்க."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். மைக்கைத் திறக்க ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். மூடக் கற்க எனக்கு முப்பத்தெட்டு வருடம் ஆயிற்று.

அடுத்த விழாவுக்குத் தலைவர் தனக்கு இரண்டு மைக் கேட்டிருக்கிறார். போடுவேன். இரண்டு ஃபேடரை ஒரே கையால் ஒரே இழுப்பில் மூட முடியுமா என்று வீட்டில் பழகிப் பார்த்தேன். முடிகிறது.