வெள்ளை ஐந்து ரூபாய்

பித்தளை நிறத்தில் இருக்க வேண்டிய ஐந்து ரூபாய், என் கைக்கு வெள்ளையாக வந்தது. செவ்வாய்ப்பேட்டை பேக்கரி ஒன்றில் மீதிச் சில்லறையோடு கொடுத்தார்கள். டீயை அப்படியே வைத்துவிட்டு வெளிச்சத்துக்கு ஓடினேன். அச்சு ஐந்து ரூபாயுடையது. தகடோ ஒரு ரூபாய்க்கு வெட்டிய எஃகு! தகடு சிறியதென்பதால் விளிம்பு முழுதாக விழவில்லை. காந்தத்தை வைத்தால் பட்டென்று ஒட்டியது. சரியான பித்தளை ஐந்து ரூபாய் ஒட்டவே ஒட்டாது.

பிழை நாணயங்கள் நிறையச் சேர்த்திருக்கிறேன். உலோகம் மாறி அடித்தது இதுதான் முதல். எங்கள் நாணயச் சேகரிப்புக் குழுவில் படம் போட்டதும், "முலாம் பூசுனதா இருக்கும் தம்பி, காச நேர்ல பாக்காம ஒத்துக்க முடியாது" என்றார் ஒரு மூத்த சேகரிப்பாளர். திங்கட்கிழமை கொண்டுவருவதாகச் சொல்லி, சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டேன்.

ஞாயிறன்று திருச்செங்கோட்டுப் பக்கம் அக்கா கட்டும் வீட்டுக்கு நிலை வைத்தார்கள். வாசல் நிலையை நிறுத்துமுன் அடிக்குழியில் நவதானியமும், குடும்பத்தில் ஆளுக்கொரு காசும் போடுவது எங்கள் வழக்கம். நான் சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, மச்சானோடு தண்ணீர்க் குடம் தூக்கப் போயிருந்தேன். வந்து பார்த்தால் நிலை நிற்கிறது.

"எங்க சாமி போன? நல்ல நேரம் முடியுதுன்னு உன்ற பேருக்கு நானே போட்டுட்டேன்" என்றாள் அம்மா. "கவர்ல பத்திரமா வெச்சிருந்தியே, இதுக்குன்னே கொண்டாந்தியாக்கும்னு நெனச்சேன்."

ஒரே நிமிடம் நிலையைத் தூக்க முடியுமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன்.

"ஏனுங்க தம்பி, வெச்ச நெலவ அசைப்பாங்களா?"

"அஞ்சு ரூவாய்க்கா மூஞ்சி இப்படிப் போவுது?" மச்சான் சிரித்தார். "இந்தா மாப்ள, ரெண்டா வெச்சுக்க."

எல்லோரும் சிரித்தார்கள். நான் அவசர அவசரமாக விளக்கினேன். அச்சு, தகடு, எஃகு, தப்பாக அடித்த காசு, லட்சத்தில் ஒன்று. லட்சத்தில் ஒன்று என்பது யார் காதிலும் விழவில்லை. அம்மாவின் முகம் வெளுத்தது.

"தப்பான காசா? செல்லாதா? ஐயோ, புள்ள ஊட்டு வாசல்ல செல்லாத காசையா போட்டுட்டேன்?"

அக்கா என்னைப் பார்த்தாள். கையில் மஞ்சள் துணி, கண்ணில் இப்போதே தண்ணீர். அவள் மாமியார் பேச்சை நிறுத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"இல்லம்மா" என்றேன். "நல்ல காசுதான். எந்தக் கடையில குடுத்தாலும் வாங்குவாங்க."

"அப்புறம் என்னத்துக்குடா பயமுறுத்துன?"

"சும்மாதான்."

அக்கா துணியை நிலையில் கட்டினாள். மேஸ்திரி கலவைச் சட்டியை இழுத்துப்போட்டு, "சும்மா நிக்கறதுக்கு இதப் புடிங்க தம்பி, ஆடுச்சுன்னா கோணிக்கும்" என்றார்.

இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் காலடியில் கலவையைக் கொட்டி, கரணையால் அழுத்தி அழுத்திப் பூசினார்.